அலர் சூழ்ந்த மணம்

2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் காலை, தோக்கியோ மாநகரில் ஒரு மணப்பதிவுத் தாள் அலுவலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் மணமகனும் அல்லர், மணமகளும் அல்லர்; பேரரச இல்ல அலுவலகத்துப் பணியாளர். அத்தாள் ஏற்கப்பட்டதும், ஜப்பானியப் பேரரசர் நருஹிதோவின் தம்பி மகள் மாகோ அரச குடியினின்று நீங்கினார். அரச குடியினர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. நாட்டு மக்களின் குடும்பப் பதிவேட்டிலும் அவர்கள் இடம்பெறுவதில்லை. முப்பது அகவை நிறைந்த மூன்றாம் நாள் அப்பெண்மணிக்கு முதன்முறையாக ஒரு குடும்பப் பெயர் வாய்த்தது: கொமுரோ.

நிச்சயச் சடங்கு நடைபெறவில்லை. பேரரசர் இணையரை முறைப்படி கண்டு விடைபெறும் சடங்கும் நடைபெறவில்லை. மணவிருந்தும் இல்லை. வெளிர்நீல உடையணிந்து வீட்டு வாயிலில் பெற்றோர்க்குத் தலைதாழ்த்தி, தங்கை காகோவைத் தழுவிக்கொண்டு, அவர் வண்டியேறிப் போனார். அதே நாளில் தோக்கியோத் தெருவில் பதாகை ஏந்தி, இம்மணம் கூடாது என்று முழங்கி ஊர்வலம் சென்றோரும் இருந்தனர். தமக்கு உறவல்லாத ஒரு பெண், தமக்கு அறிமுகமில்லாத ஓர் ஆடவனை மணப்பதைத் தடுக்கவேண்டும் என்று வேலைநாளில் வீதிக்கு வந்தவர்கள் அவர்கள்.

ஊரார் வாய் காதலர் இருவரைச் சூழ்வதற்குத் தமிழ் மரபு அலர் என்று பெயர் வைத்தது. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். வெளிப்படத் தூற்றினால் அலர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் நம் அகப்பாட்டின் அலருக்கு எல்லை உண்டு. அது ஓர் ஊரின் அலர். வரைவு எனப்படும் மணம் நிகழ்ந்தால் அடங்கிவிடும். அடங்காவிடில் உடன்போக்கு என்னும் வழி இருந்தது. ஊரெல்லையைத் தாண்டினால் அலர் பின்தொடராது. ஜப்பானில் எழுந்ததோ பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டின் அலர். வரைவுக்குப் பின்னும் அது ஓயவில்லை. கடல் கடந்து சென்றவர்களையும் அது விட்டபாடில்லை.

இவ்வலர் வெறுப்பில் பிறந்ததன்று. பேரன்பில் பிறந்தது. அதன் பிறப்பைக் காண 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களுக்குப் போகவேண்டும். கருயிசாவா என்னும் மலைநகரின் டென்னிஸ் களத்தில் பட்டத்து இளவரசர் அகிஹிதோ இரட்டையர் ஆட்டம் ஒன்றில் தோற்றார். எதிரணியில் நின்று வென்ற இளம்பெண் ஷோடா மிச்சிகோ, மாவு ஆலை நிறுவனத் தலைவர் ஒருவரின் மகள். செல்வக் குடிதான், ஆனால் பிரபுக் குடி அன்று. பட்டத்து இளவரசர்க்குப் பெண் கொடுக்கும் உரிமை அரச கிளைக் குடிகளுக்கும் பிரபுக் குடிகளுக்குமே உரியது என்றிருந்த அரண்மனைக்கு இது பேரதிர்ச்சி. அரண்மனைப் பெருமாட்டியர் சிலர் மனம் கசந்தனர் என்பதைப் பேரரசரின் அணுக்கப் பணியாளர் ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பு பிற்காலத்தில் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் 1958 நவம்பர் 27ஆம் நாள் பேரரச இல்ல மன்றம் அம்மணத்துக்கு இசைவளித்தது.

நாடு களிகூர்ந்தது. அக்களிப்பின் காரணம் எளிதில் விளங்குவதே. போரில் தோற்றுப் பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. பேரரசர் தம்மைத் தெய்வப் பிறவியாகக் கருதும் கருத்தை 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாமே மறுத்துவிட்டார். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு அவரை நாட்டின் சின்னம் என்றும், மக்கள் ஒற்றுமையின் சின்னம் என்றும் மட்டுமே குறித்தது. தெய்வத்தன்மை போயிற்று, படை போயிற்று, ஆளும் உரிமையும் போயிற்று. எஞ்சிய அரியணையை எதன்மேல் நிறுத்துவது என்று எவர்க்கும் விளங்காதிருந்த வேளையில், களத்தில் தோற்ற இளவரசனும் வென்ற பெண்ணும் விடையாக வந்தனர். மக்களின் விருப்பமே இனி அரியணையின் அடித்தளம் ஆயிற்று. மத்சுஷிதா கெயிச்சி என்னும் அரசியல் அறிஞர் இம்மாற்றத்தை உடனே கண்டுகொண்டு, 1959ஆம் ஆண்டிலேயே எழுதிய கட்டுரையில் இதற்குத் திரள்மக்களின் பேரரசு முறை என்னும் பொருள்படப் பெயரிட்டார். கூர்த்த மதியாளர். அவ்வடித்தளத்தின் விலை என்ன என்பதை மட்டும் அன்று எவரும் கணக்கிடவில்லை.

1959 ஏப்ரல் 10. அரண்மனைத் திருக்கோயிலில் பன்னிரண்டு அடுக்குப் பண்டை உடையில் சடங்கு முடிந்தபின், மணமக்கள் குதிரை வண்டியில் ஏறி நகர்வலம் வந்தனர். வழியின் இருமருங்கும் நின்றோர் 5 இலட்சத்து 30 ஆயிரம் பேர். தொலைக்காட்சிப் பெட்டிமுன் அமர்ந்தோர் ஒன்றரைக் கோடி என மதிப்பிட்டனர். பெட்டி வாங்கிய கதையே தனிக்கதை: 1958 மே திங்களில் பத்து இலட்சமாக இருந்த தொலைக்காட்சி உரிமங்கள், மணநாளுக்குச் சில நாள் முன்னர் இருபது இலட்சத்தைத் தாண்டின. ஓராண்டுக்குள் இருமடங்கு! மணமகளின் தலைப்பட்டையும், V வடிவக் கழுத்துடைய வெண் கம்பளிச் சட்டையும் கடைதோறும் விற்றன. அத்திரளினின்று ஓடிவந்த பத்தொன்பது அகவை இளைஞன் ஒருவன் கல்லெறிந்து வண்டியின்மேல் ஏற முயன்றான். காவலர் இழுத்துச் சென்றனர். அதனையும் தொலைக்காட்சி காட்டிற்று.

அன்று நாளேடுகள் நடந்துகொண்ட முறையில் பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. இளவரசர்க்கு மணமகள் தேடும் செய்தி கசிந்து ஒரு பெண்ணின் வாழ்வு சிதையக் கூடாது என்று, 1958 சூலைத் திங்களில் ஜப்பானியச் செய்தித்தாள்கள் தாமே கூடி, அறிவிப்பு வரும்வரை எழுதுவதில்லை என உடன்பட்டன. வெளிநாட்டு இதழ் ஒன்று முந்திக்கொண்டபோதும் உள்நாட்டு ஏடுகள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தன. எழுதுகோல் பிடித்தோர் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது. ஆனால் அக்கட்டு அறிவிப்பு நாள்வரைக்கே. அறிவிப்பு வந்த மறுநொடி மடை திறந்துகொண்டது. திறந்த மடை பின் மூடவேயில்லை என்பதே நம் வருத்தம்.

ஏனெனில் மடையின் கீழ் வயல்கள் முளைத்திருந்தன. மகளிர்க்கான வார இதழ்கள் அந்த மணத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இன்று ஜப்பானின் பெரும்புள்ளிகளை நடுங்க வைக்கும் ஷூகான் புன்ஷூன் என்னும் வார இதழும் அதே 1959 ஏப்ரல் திங்களில் பிறந்ததே. அரச மணமும் கிசுகிசு வாணிகமும் ஒரே தொட்டிலில் வளர்ந்த குழந்தைகள் எனலாம். ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு உணவில்லை.

மணமகளின் நிலை என்னவாயிற்று? பிள்ளைகளைத் தாதியரிடம் கொடுக்கும் மரபை விட்டுத் தாமே வளர்த்தார் மிச்சிகோ, போற்றினர். பேரரசி ஆனபின் மக்கள்முன் மண்டியிட்டு அமர்ந்து துயர் கேட்டார், போற்றினர். போற்றிய வாயே 1993ஆம் ஆண்டில் தூற்றத் திரும்பிற்று. மறைந்த பேரரசர் விரும்பிய அரண்மனைக் காட்டு மரங்களை வெட்டுவித்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. பணியாளரை நள்ளிரவில் வருத்துகிறார் என்பது இன்னொன்று. வார இதழ்கள் திங்கள் கணக்கில் எழுதின. முன்சொன்ன புன்ஷூனும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள், தம் 59ஆம் பிறந்தநாளில், பேரரசி மயங்கி விழுந்தார். எழுந்தபோது பேச்சு வரவில்லை. குரல் திரும்பப் பல திங்கள் ஆயின. முப்பத்து நான்கு ஆண்டுகட்கு முன் இலட்சக்கணக்கானோர் வாழ்த்தொலி எழுப்பிய அதே பெண்மணி, தம் சொந்தக் குரலை இழந்து மக்கள் முன் தலையசைத்து நின்றார். புன்ஷூன் இதழை வெளியிடும் நிறுவனத் தலைவரின் வீட்டைத் துப்பாக்கியால் சுட்டனர் சிலர். அரசியின்மீது கொண்ட அன்பினால் என்றார்களாம். இவ்வன்பும் அத்தூற்றலும் ஓர் இனமே என்பது நம் எண்ணம். இரண்டும் அவளை உடைமையாகக் கருதுகின்றன.

அந்த 1993ஆம் ஆண்டின் சூன் 9ஆம் நாள்தான் அடுத்த பட்டத்து இளவரசர் நருஹிதோவின் மணமும் நடந்தது. மணமகள் ஓவாதா மசாகோ. ஆர்வர்டில் பயின்று, அயலுறவு அமைச்சகத்தில் பணிபுரிந்தவர். 1958இன் கட்டுப்பாட்டைப் போன்றே இம்முறையும் 1992இல் ஏடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இம்முறையும் அமெரிக்க ஏடு ஒன்றே முதலில் உடைத்தது. இம்முறையும் மடை திறந்தது. முன்னையினும் ஒரு கொடுமை கூடிற்று. மணமகளிடம் நாடு ஆண்மகவு ஒன்றைக் கேட்டது; ஏனெனில் பேரரச இல்லச் சட்டத்தின் முதற்பிரிவு, ஆண்வழியில் வந்த ஆணுக்கே அரியணை என்கிறது. ஆண்டுதோறும் மக்கள் கண் அவர் வயிற்றின்மேல் இருந்தது. 1999 திசம்பர்த் திங்களில், கருவுற்ற அறிகுறி தோன்றிய நிலையிலேயே ஒரு பெரிய நாளேடு அதை முதற்பக்கச் செய்தி ஆக்கிற்று. கரு நிலைக்கவில்லை. அச்செய்திக்கும் அவ்விழப்புக்கும் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. மருத்துவர் தம் வேலையை முடிக்குமுன் அச்சுப்பொறி தன் வேலையை முடித்தது என்பதையே கூறுகிறோம். 2001இல் பிறந்தது பெண் மகவு, ஆய்கோ. 2004இல் மசாகோ தகவமைவுக் கோளாறால் துன்புறுகிறார் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே திங்களில் அவர் கணவர் செய்தியாளர்முன், மசாகோவின் தொழிலறிவையும் ஆளுமையையும் மறுக்கும் போக்கு இருந்தது என்று வெளிப்படையாகவே வருந்தினார். அரண்மனை வாயில்களினின்று அத்தகைய சொல் வருவது எவ்வளவு அரிது என்பதை அந்நாட்டார் அறிவர்.

பாட்டிக்குக் குரல் போயிற்று. பெரியம்மாவுக்கு உளநலம் போயிற்று. மூன்றாம் தலைமுறையில் மாகோவின் கதை வருகிறது.

அவரும் கெய் கொமுரோவும் உடன்பயின்ற மாணாக்கர். 2012இல் வெளிநாட்டுப் படிப்புக்கான கூட்டமொன்றில் சந்தித்தனர். 2017 மே திங்களில் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்எச்கே இம்மணச் செய்தியை முந்தி வெளியிட்டது. இம்முறை முன்னைப்போல் ஏடுகளிடை எழுதாமை உடன்படிக்கை எதுவும் இல்லை. செப்டம்பர் 3ஆம் நாள் மணமக்கள் இருவரும் செய்தியாளர்முன் அமர்ந்து புன்னகைத்தனர். ஒருவர் மற்றவரைக் கதிரவன் என்றும் திங்கள் என்றும் ஒப்புமை கூறியது நாட்டுக்கே இனித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் வார இதழொன்று மணமகனின் தாயாரைப் பற்றிய பணவழக்கைக் கிளப்பிற்று. அவருக்கு முன்பு மணம் பேசப்பட்டிருந்த ஒருவர், தாம் கொடுத்த 40 இலட்சம் யென்னுக்கு மேற்பட்ட தொகை கடன் என்றார். அது கொடையே என்று மறுதரப்பு கருதியது. அத்தொகையில் மகனின் கல்விச் செலவும் அடங்கும். உறவு முறிந்த இருவர்க்கிடையே நாடோறும் எழும் வழக்கு இது. ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து ஒரு மாலைப்பொழுதில் தீர்த்திருக்கலாம். தீரவில்லை. 2018 நவம்பரில் நடக்கவேண்டிய மணம், பிப்ரவரித் திங்களிலேயே ஒத்திவைக்கப்பட்டது. மணமகன் சட்டம் பயில நியூயார்க்கு சென்றார். மூன்றாண்டுகள் இருவரும் கடலின் இருகரையில் இருந்தனர்.

அம்மூன்றாண்டுகளில் மக்கள் கருத்து என்னும் பெயரால் என்னென்ன நடந்தன! தாயின் கடந்த வாழ்வு கிளறப்பட்டது. மணமகனின் பள்ளிநாள் நண்பர் தேடப்பட்டனர். 2021 ஏப்ரலில் அவர் தம் நிலையை விளக்கி 28 பக்க ஆவணம் வெளியிட்டார். விளக்கம் நீண்டது என்று ஒரு குற்றம், பணம் கொடுத்துத் தீர்ப்பதாகச் சில நாளில் சொன்னபோது அது முன்னுக்குப்பின் முரண் என்று மற்றொரு குற்றம். செப்டம்பரில் நாடு திரும்பியபோது பின்னால் முடிந்திருந்த அவர் கூந்தல் நாட்டின் பெருஞ்செய்தி ஆயிற்று. மூன்று ஆண்டுகள் பிரிந்திருந்து மணக்க வந்த ஆடவனின் தலைமுடியைப் பற்றித் தொலைக்காட்சி அறிஞர் குழாம் கூடிப் பேசியதைக் கேட்டால், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வெட்கமே வருகிறது. அக்டோபர் 1ஆம் நாள் பேரரச இல்ல அலுவலகம், மாகோவுக்கு நெடுநாள் அவதூறால் உண்டான உளக்காய நோய் என்று மருத்துவர் கண்டதை அறிவித்தது. மணநாளன்று செய்தியாளர் கேள்விகளுக்கு நேரில் விடையிறுக்க அவரால் இயலவில்லை; எழுத்திலேயே விடையளித்தார்.

இங்கே எதிர்த்தரப்பாரின் வலிய வாதம் ஒன்றை எடைபோட்டாக வேண்டும். அரச குடி மக்கள் வரிப்பணத்தில் வாழ்கிறது; எனவே கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் கூற்று. இதை நாம் மறுக்கவில்லை. குடியினின்று நீங்கும் இளவரசிக்கு ஒருமுறை தொகை அளிப்பது வழக்கம். 2005 நவம்பரில் அகிஹிதோவின் மகள் சயாகோ, தோக்கியோ மாநகர ஆட்சியில் பணிபுரிந்தவரை மணந்து நீங்கியபோது 15 கோடியே 25 இலட்சம் யென் பெற்றார். அது பொதுப்பணம். அதை எவர் பெறுகிறார், அப்பணம் எவ்வழக்கில் சிக்கும் என்று வினவுவது குடிமக்களின் கடமையும் ஆகும். மாகோவுக்கு 13 கோடி யென்னுக்கு மேல் கிடைத்திருக்கும். அவர் அதனை வேண்டாமென்றார். போருக்குப் பின்னர் மணத்தால் நீங்கிய அரசமகளிருள் அவ்வாறு மறுத்தவர் அவரே முதல்வர். வரிப்பணம் பற்றிய கேள்வி அத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடிந்ததா? இல்லை, தூற்றல் பின்னும் உரத்தது. பணத்தை மறுத்ததே செருக்கு என்றனர். அப்பொழுதுதான் தெரிந்தது, பணம் ஒருபோதும் காரணமாய் இருந்ததில்லை என்பது.

காரணம் வேறு. அதற்குச் சட்டத்தை நோக்கவேண்டும். பேரரச இல்லச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அரச குடியில் பிறந்த பெண் குடிக்கு வெளியே மணந்தால் குடியை இழப்பாள் என்கிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, அரச ஆடவரின் மணத்துக்கு இல்ல மன்றத்தின் இசைவு வேண்டும் என்கிறது. பெண்ணின் மணத்துக்கோ எவர் இசைவும் தேவையென்று கூறவில்லை. வெளியேறப் போகிறவளுக்கு இசைவு எதற்கு என்பது சட்டத்தின் எண்ணம். ஆக, மாகோவின் மணத்தைத் தடுக்கும் உரிமை பேரரசர்க்கும் இல்லை, மன்றத்துக்கும் இல்லை, நாடாளுமன்றத்துக்கும் இல்லை. அரசமைப்பின் 24ஆம் பிரிவோ இன்னும் தெளிவானது: மணத்துக்கு இருபாலாரின் இசைவு ஒன்றே அடிப்படை. அப்பிரிவை 1946இல் முதலில் வரைந்தவர், தோக்கியோவில் வளர்ந்த இருபத்திரண்டு அகவை இளம்பெண் பியாத்தே சிரோத்தா. ஜப்பானியப் பெண் எப்படி மணம் செய்துவைக்கப்படுகிறாள் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். அதனால்தான் அவ்வரி அத்தனை கூர்மையுடையதாய் அமைந்தது.

போருக்கு முந்திய குடிமைச் சட்டத்தில் குடும்பத் தலைவன் என்றொரு பதவி இருந்தது. அவன் இசைவின்றி மகளும் மகனும் மணக்க முடியாது. மீறினால் குடும்பத்தினின்று நீக்கவும் செய்வான். 1947இல் அப்பதவி ஒழிந்தது. ஜப்பானின் கோடிக்கணக்கான பெண்கள் அன்று பெற்ற விடுதலையை, அரச குடியில் பிறந்த ஒருத்தி 2017இல் கோரியபோது, ஒழிந்துபோன அப்பதவியில் திரள்மக்கள் ஏறி அமர்ந்துகொண்டனர். மணமகனின் குலம் நன்றா, தாய் நல்லவளா, கடன் தீர்ந்ததா, தலைமுடி ஒழுங்கா என்று வினவினர். மீறி மணந்தவளை ஊர்விலக்கம் செய்தனர். பழைய குடும்பத் தலைவன் கேட்ட கேள்விகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டெனில், பழைய தலைவனுக்கு முகம் இருந்தது. அவனிடம் போய் மன்றாட முடிந்தது.

இவ்விடத்தில் மாகோவின் தந்தை அகிஷினோ இளவரசரையும் நாம் குறைகூறாதிருக்க முடியவில்லை. 2018 நவம்பரில் தம் பிறந்தநாளையொட்டிய பேட்டியில், மக்கள் பலர் ஏற்று மகிழும் நிலை வராவிடில் நிச்சயச் சடங்கு நடத்த இயலாது என்றார். அரச குடியின் நற்பெயரைக் காக்கும் கவலையில் சொன்ன சொல். நோக்கம் நன்று, விளைவு தீது. சட்டம் எவர்க்கும் கொடாத தடுப்புரிமையை அச்சொல் திரளுக்குக் கொடுத்துவிட்டது. எத்தனை பேர் மகிழ்ந்தால் போதும்? யார் எண்ணுவது? கருத்துக் கணிப்பில் கிடைக்கும் ஒரு விழுக்காடா மகளின் மணநாளைக் குறிப்பது? இரண்டாண்டு கழிந்து, 2020இல் அவரே அரசமைப்பின் 24ஆம் பிரிவைச் சுட்டி, இருவர் உள்ளமும் அதுவேயானால் தந்தையாக மதிக்கவேண்டும் என்றார். இச்சொல்லை முன்னமே சொல்லியிருந்தால் மகளின் மூன்றாண்டுகள் மிஞ்சியிருக்கும்.

அரச மணங்கள் யாவும் இவ்வாறே முடியும் என்பதும் இல்லை. மாகோவின் மணம் நடந்திருக்கவேண்டிய அதே 2018 இலையுதிர்ப் பருவத்தில், அக்டோபர் 29ஆம் நாள், அரச கிளைக் குடியின் அயாகோ இளவரசி கப்பல் நிறுவனப் பணியாளர் ஒருவரை மெய்ஜி திருக்கோயிலில் மணந்தார். மக்கள் வாழ்த்தினர், அவ்வளவே. அடுத்த வாரம் மறந்தனர். அம்மறதியைப் போல் ஒரு நல்ல மணப்பரிசு இல்லை. அம்மறதி வாய்க்காத மணமும் உண்டு: இலண்டனில் 1981 சூலை 29ஆம் நாள் தூய பவுல் பேராலயத்தில் நடந்த மணத்தை உலகெங்கும் 75 கோடிப் பேர் கண்டனர் என்பர். அந்த மணமகள் டயானா 1997 ஆகஸ்டு 31 அன்று பாரிசின் சுரங்கச் சாலையில், படப்பிடிப்பாளர் பின்துரத்த விரைந்த வண்டியில், உயிர் விட்டார். அக்கதை உலகம் அறிந்தது, விரிக்கவேண்டுவதில்லை.

நாடு துறந்து சென்றபின்னும் மாகோவை அலர் விடவில்லை என்றோம். மணம் முடிந்த மூன்றாம் நாள், நியூயார்க்கு வழக்கறிஞர் தேர்வின் முடிவு வெளியாயிற்று. தேர்ச்சிப் பட்டியலில் கொமுரோவின் பெயர் உண்டா எனத் தேடி, இல்லையென்று கண்டு, நாடு முழுதும் பரப்பின ஜப்பானிய ஊடகங்கள். அவர் தேர்வில் தோற்றால் எவர்க்கு என்ன இழப்பு? மறுமுறையும் தோற்றார், அதுவும் செய்தி. 2022 அக்டோபரில் மூன்றாம் முறை வென்றார். 2021 நவம்பர்த் திங்களில் மாகோ விமானமேறிய நாளிலிருந்து, அவர் கடைத்தெருவில் வீட்டுச் சாமான் வாங்குவதையும் ஒளிப்படமாக்கி விற்றனர். சட்டப்படி அவர் அந்நாள் ஒரு சாதாரணக் குடிமகள். அரச குடியின் மதிப்பும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கண்கள் மட்டும் உண்டு. அரச வாழ்வில் பெறுவதெல்லாம் நீங்கி, கொடுப்பது மட்டும் எஞ்சிய நிலை அது.

நாமும் இதனை எழுதுவதால் அக்கண்களுள் ஒன்றாகிறோம் என்பதை மறைக்கவில்லை. ஆகவேதான் அவர் இன்று எங்கு வாழ்கிறார், எவ்வாறு வாழ்கிறார் என்பதைப் பற்றி இத்தலையங்கத்தில் ஒரு வரியும் எழுதாமல் விடுகிறோம்.

எஞ்சியிருப்பது சட்டம். ஜப்பானிய அரச குடியின் எண்ணிக்கை இன்று இருபதுக்கும் குறைவு. 1947 அக்டோபரில் 11 கிளைக் குடிகள் ஒருசேர நீக்கப்பட்டதும், பின்னர் மணந்த மகளிர் ஒவ்வொருவராக வெளியேறியதும் காரணம். இளந்தலைமுறையில் அரியணைக்கு உரிய ஆண் ஒருவரே; 2006இல் பிறந்த ஹிசஹிதோ, மாகோவின் தம்பி. ஆதலால் 2021 திசம்பரில் அரசு அமைத்த அறிஞர் குழு, அரசமகளிர் மணத்துக்குப் பின்னும் குடியிலேயே நீடிக்கலாம் என்று ஒரு வழி காட்டியது. கணவரும் பிள்ளைகளும் குடியினர் ஆவரா, வெளியாரா என்பதில் கட்சிகளுக்குள் இழுபறி. 2024 மே முதல் கட்சித் தலைவர்கள் கூடிப் பேசியும் அவ்வாண்டில் உடன்பாடு எட்டவில்லை.

பெண்ணை மணத்தோடு வெளியேற்றும் 12ஆம் பிரிவு ஒழியவேண்டியதே. அது பழைய குடும்பத் தலைவன் விட்டுச்சென்ற எச்சம். ஆயினும் ஓர் இடரை நாடாளுமன்றத்தார் நோக்கவேண்டும். வெளியேறுகிறவளின் மணத்துக்கே இத்தனை கேள்வி என்றால், உள்ளே தங்குகிறவளின் மணத்துக்கு எத்தனை கேள்வி எழும்? கணவன் அரண்மனை வாசலுக்குள் வருவான். அவன் தாய், அவன் கடன், அவன் தலைமுடி எல்லாம் வரும். உரிமை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, பெண்ணைத் திரளின் கையில் பிடித்துக் கொடுப்பதாக அச்சட்டம் முடிந்துவிடக் கூடாது. ஆடவர்க்கு இருப்பதைப் போல் பெண்ணுக்கும் மன்ற இசைவு என்று ஒரு பிரிவைச் சேர்க்கத் துணிவார்களானால், அது பின்னோக்கிய நடையே.

ஜப்பானிய ஏடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1958இலும் 1992இலும் அவர்கள் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டனர். தம்மால் முடியும் என்று காட்டினர். ஆனால் மணச்செய்தி வெளிவரும்வரை காத்து, வெளிவந்தபின் கட்டவிழ்த்த அவ்வொழுங்கு தலைகீழானது. காக்கவேண்டியது மணத்துக்குப் பின்னுள்ள வாழ்வை. குடியினின்று நீங்கியோரின் வீட்டு வாசலுக்கும் தேர்வு முடிவுக்கும் செல்வதில்லை என்று மீண்டும் ஒருமுறை அவர்கள் கூடி உடன்படட்டும். வார இதழ்கள் உடன்படமாட்டா என்பர். 1958இலும் எல்லோரும் உடன்படவில்லை. உடன்பட்டோர் தம் சொல்லைக் காத்தனர்.

காகோ இளவரசியும் ஆய்கோ இளவரசியும் இருக்கின்றனர். அவர்கள் மணக்க விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம். நாடாளுமன்றம் 12ஆம் பிரிவை எவ்வாறு திருத்தினும் திருத்துக. அதன் கீழ், அரச குடியில் பிறந்தோரின் மணத்துக்கும் இருவர் இசைவு ஒன்றே போதும் என்னும் ஒரு வரியைச் சேர்த்து எழுதுக. அவ்விளவரசியருள் ஒருவர் தம் மனத்தை வெளியிடும் நாளுக்கு முன்னதாகவே எழுதுக.